கடற்கரையிலிருந்து நூற்றெண்பது மீற்றர்

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடல் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மாகாணத்தின் எந்த மூலையில் நின்று எந்தத் திசையில் நடந்தாலும், கடல் வருவதற்கு முன்னால் வேறொரு மாகாணம் வந்து குறுக்கே நிற்கும்.

ஆனால் சுற்றறிக்கை நாடு முழுவதற்கும் பொதுவானது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு நியாயம், இன்னொரு மாவட்டத்துக்கு இன்னொரு நியாயம் என்று போனால் நாடு என்னத்துக்கு ஆகும்? ஆகவே, அகில இலங்கைக் கடலோரக் குடும்ப விடுமுறை இல்ல ஊக்குவிப்புச் செயலணி என்ற மாண்புமிகு அமைப்பு, எல்லாப் பிரதேசச் செயலகங்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி வைத்தது. ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிரிவும், "கடற்கரைக்கு அண்மையில், பார்க்கத்தக்க இடங்கள் மூன்றேனும் சூழ அமைந்த, குடும்பமாகத் தங்கத்தக்க விடுமுறை இல்லம்" ஒன்றையாவது பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பிரதேசச் செயலகம், "எமது பிரிவில் கடல் இல்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறோம்" என்று உண்மையை எழுதிவிட்டது. அனுபவம் போதாத ஆட்கள். பத்தாம் நாள் மறுமொழி வந்தது: "கடல் இல்லாமைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரை உடன் அறியத்தரவும்."

அந்த உத்தியோகத்தராக இருக்க ஒருத்தரும் முன்வரவில்லை. பெரியவர் சின்னவரைப் பார்த்தார், சின்னவர் அவருக்கும் சின்னவரைப் பார்த்தார், கடைசியில் கடிதக் கோவை, போன மாதம் வேலைக்குச் சேர்ந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் நிஸாரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. மாவனல்லைக்காரர். நல்ல மனுசன். கோவையைத் திறந்து பார்த்துவிட்டு அரை மணி நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மலைதான் இருந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில், தும்பல்கொட றப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், ஏழாம் காம்பிராவில் இருந்த விஜயகலாவுக்குக் கடலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் கூரைக் கவலை.

ஒற்றையறைக் காம்பிராக்கள் பதினாறு ஒட்டி நிற்கிற லயம். பதினாறும் ஒழுகும், ஆனால் ஏழாவது ஒழுகுவதில் ஒரு நேர்மை இருந்தது. வெளியே என்ன பெய்கிறதோ அது குறையாமல் உள்ளேயும் பெய்யும். அவளும் புருசன் மூக்கையாவும் இதற்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். சிறு மழை என்றால் கட்டிலை வடக்குச் சுவரோடு ஒட்டி இழுப்பது. பெரு மழை என்றால் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு, குடும்பமாக வாசல் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்காருவது. மகள் சுமித்ரா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளுடைய புத்தகங்களெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் குடியிருந்தன. படிக்கும் நேரம் மட்டும் வெளியே வரும். அப்படியும் போன மாரியில் இரசாயனவியல் பாதி ஊறிப் போயிற்று. இந்த மாரி முடிந்ததும் பரீட்சை. மழைக்கு முன்னால் தகரம் மாற வேண்டும். விஜயகலாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கைக்காசைப் போட்டு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களுக்குத் தோட்டம் தெரியாது. காம்பிரா கம்பெனிக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் அதில் ஆணி அடிக்கக் கூடாது. ஒருமுறை மூக்கையா கலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு வருசமாக விஜயகலா தோட்டத்து ஒபிசுக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது மனுவோடு அவள் போய் நின்ற நாளில்தான் கதை தொடங்குகிறது.

ஒபிசில் பெரிய கிளாக்கர் செல்லத்துரை இருந்தார். தோட்டத்தை நடத்தும் தொரைமார் வருவார்கள், போவார்கள். செல்லத்துரை இருப்பார். மனுவை வாங்கி, வாசிக்காமலே, பக்கத்தில் இருந்த அடுக்கின் மேல் வைத்தார்.

"என்னங்கய்யா, வாசிக்கவே இல்லையே?"

"வாசிச்சுதான் தெரியணுமா? கூரைதானே?"

"ஆமாங்கய்யா."

"கலா, நான் உனக்கு ஒரு உண்மையைச் சொல்றேன். கூரை கேட்டு கூரை வாங்கின ஆள் இந்தத் தோட்டத்துல உண்டா?"

அவள் யோசித்தாள். இல்லை.

"புள்ளக் காம்பிராவுக்குத் தொட்டில் கேட்டோம். என்ன வந்துச்சு? தராசு. மறுவருசம் பால் ஸ்டோருக்குத் தராசு கேட்டோம். கோயிலுக்கு மணி வந்துச்சு. கோயில்ல மணி கேட்கவே இல்ல. மேல உள்ளவங்க தரமாட்டேன்னு சொல்றதில்ல. கேட்டதத் தரமாட்டாங்க, அவ்வளவுதான். கூரை வேணும்னா, கூரையத் தவிர வேற எதையாவது கேளு."

"வேற எதைங்கய்யா கேக்குறது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? வர்ற சுற்றறிக்கையைப் பொறுத்தது."

அந்த நேரம் பார்த்து வாசலில் சப்பாத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டு நிஸார் வந்து நின்றார். காலையிலிருந்து ஐந்து தோட்டம் ஏறி இறங்கிய களை முகத்தில் இருந்தது.

"அஸ்ஸலா... வணக்கம் ஐயா. செயலகத்தில இருந்து வாறன். ஒரு சின்ன விசயம். உங்கட தோட்டத்தில மணல் உள்ள எடம் எங்கயாவது ஈக்கா?"

"மணலுக்குப் பேர்மிட் வேணுமே சேர்."

"எடுக்க இல்ல ஐயா, பார்க்க. மணலும் பக்கத்தில தண்ணியும். அதுக்குக் கிட்டவா ஒரு வீடு."

செல்லத்துரை கோவையை வாங்கி இணைப்புகளைப் புரட்டினார். முப்பத்தெட்டு வருச அனுபவம், விரல் தானாகவே மூன்றாம் இணைப்பில் போய் நின்றது. கடற்கரை என்பது "நீர்ப்பரப்பொன்றின் ஓரமாக மணல் காணப்படும் இடம்" என்று அங்கே தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. நீர் உப்பாக இருக்க வேண்டும் என்று எந்த இணைப்பிலும் இல்லை.

கீழ்ப்பிரிவு லயத்துக்கு அடியில் களனி கங்கை ஒரு வளைவு வளைந்து போகிறது. கித்துல்கலையில் வெள்ளைக்காரர் றப்பர் படகு விடுகிற அதே கங்கை. வளைவில் ஒரு மணல் திட்டு உண்டு. பெண்கள் துணி துவைக்கிற இடம்.

செல்லத்துரை தலையை நிமிர்த்தினார். நிஸாரைப் பார்த்தார். பிறகு விஜயகலாவைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது ஒரு ஒளி வந்தது என்று அவள் பின்னாளில் சொல்லுவாள்.

"கலா, உனக்கு விடுமுறை இல்லம் ஒண்ணு வேணுமா?"

"என்னாத்துக்குங்கய்யா?"

"வேணும்னு சொல்லு."

"வேணுங்கய்யா."

படிவம் ஏழாம் காம்பிராவிலேயே வைத்து நிரப்பப்பட்டது. நிஸார் கட்டிலில் உட்கார்ந்தார். செல்லத்துரை, மரியாதை கருதி, நிலைப்படியில் நின்றார்.

"கடற்கரையில இருந்து எத்தன மீற்றர்?" என்று நிஸார் வாசித்தார்.

"குடத்தோட ஏறினா இருநூறுங்க," என்றாள் விஜயகலா. "வெறுங்கையோட எறங்கினா நூத்தம்பது."

"நூற்றெண்பது போடுவம். அடுத்தது, கடல்மட்டம் ஏறி எறங்கிற நேரம்." அவர் பேனையை எடுத்து வைத்தார். "இதுக்கு என்ன எழுதுற?"

"ஏறி எறங்கும் சேர்," என்றான் மூக்கையா. "மேல அணைக்கட்டுல தண்ணி தெறந்தா ஏறும். மூடுனா எறங்கும். போன வருசம் நம்ம வேட்டி ரெண்டு போச்சு."

"ஒரு நாளைக்கு எத்தன தரம்?"

"ரெண்டு தரம் தெறப்பாங்க."

நிஸார் பேனையை மறுபடி எடுத்தார். "கடலுக்கும் ரெண்டு தரம்தான்," என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுதினார். அதற்குப் பிறகு அவர் பேனையைக் கீழே வைக்கவில்லை.

பார்க்கத்தக்க இடங்கள் மூன்று வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆட்கள் வேலைக்கு நின்று பேர் கொடுக்கிற பெரட்டுக்களம் ஒன்று. வெட்டிய பாலை நிறுத்து வாங்குகிற பால் ஸ்டோர் இரண்டு. மூன்றாவது கிடைக்கவில்லை.

"பீலி இருக்குதுங்களே," என்றாள் விஜயகலா. பதினாறு குடும்பத்துக்கும் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற ஒரே குழாய் அது.

"அங்க பார்க்க என்ன ஈக்கு?"

"சண்டைங்க. தண்ணி குறைஞ்ச நாள்ல வந்தீங்கன்னா நல்லா பார்க்கலாம்."

'பாரம்பரிய நீர்ப் பகிர்வு நிகழ்வு, காலை ஐந்து முதல் ஏழு வரை' என்று அது பதிவாயிற்று.

மூன்று வாரத்தில் அங்கீகாரம் வந்தது. ஆறு வருசம் மனுக் கொடுத்தும் அசையாத இடம் மூன்று வாரத்தில் அசைந்ததைப் பார்த்து விஜயகலாவுக்குப் பயமே வந்துவிட்டது. அங்கீகாரத்தின் பின்னாலேயே கொழும்பிலிருந்து செயலணியின் ஆலோசகர் ராகினி மேடம் வந்தார். உடுப்பு சாக்குத் துணியில் தைத்தது போல இருந்தது. ஆனால் விலையான சாக்கு. லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு வெடிப்பையும் கையால் தடவினார்.

"மை கோட்! எவ்வளவு ஒதென்டிக்!" என்றார். "கொழும்பில இந்த மாதிரி ஒரு சுவரைச் செய்ய ஆளுக்கு ஆள் அலையிறாங்க. இதை எப்படிச் செய்தீங்க?"

"ஒண்ணும் செய்யலைங்க மேடம்," என்றாள் விஜயகலா. "செய்யாம விட்டது."

"எக்ஸாக்ட்லி!"

உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். தகரத்தில் பதினொரு ஓட்டை. வெயில் பதினொரு குச்சியாக இறங்கி நின்றது.

"இந்த லைட்டிங்... இதை யார் டிசைன் பண்ணினது?"

"மழைங்க."

விஜயகலா இந்தத் தருணத்துக்காகத்தான் காத்திருந்தாள். "மேடம், விருந்தாளிங்க வர்றதுக்கு முந்தி இந்தத் தகரத்த மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா..."

ராகினி மேடம் திரும்பிய வேகத்தில் காதில் இருந்த சிரட்டைத் தோடு ஆடியது. "மாத்துறதா? நோ நோ. இந்தக் கூரையில யாரும் கை வைக்கக் கூடாது. மனுசன் வீடு கட்டி வீடு கட்டி வானத்தை மறந்துட்டான். கெஸ்ட் படுத்துக்கொண்டே வானத்தைப் பார்க்கணும். ஸ்லோ லிவிங்."

அந்தக் கட்டளை எழுத்திலும் வந்தது. இதுவரை கூரை மாற்றக் கம்பெனிதான் விடவில்லை. இனி அரசாங்கமும் விடாது. போதாக்குறைக்கு, பதினான்காம் விதிப்படி விடுமுறை இல்லத்தில் எவரும் நிரந்தரமாக வசிக்கக் கூடாது. அதில் தங்குகிறவர் விடுமுறையில் இருப்பவராக இருத்தல் வேண்டும்.

"அப்ப நாங்க எங்கங்கய்யா போறது?" என்று செல்லத்துரையிடம் கேட்டாள்.

"கலா, உன்கிட்ட இப்ப விடுமுறை இல்லம் இருக்கு. நாட்டுல எத்தனை பேருக்கு இருக்கு?"

"வீடு இல்லைங்களே."

"ரெண்டும் எதிர்பார்த்தா எப்படி?"

குடும்பம் பன்னிரண்டாம் காம்பிராவில் மூக்கையாவின் தம்பி வீட்டுக்குப் பெயர்ந்தது. அங்கே ஏற்கெனவே ஆறு பேர். ஏழாம் காம்பிராவுக்குப் புதுப்பூட்டு வந்தது. சாவியும் விருந்தினர் பதிவேடும் கிளாக்கரிடம் இருந்தன. அறிமுகக் காலம் என்பதால் தங்குவது இலவசம் என்று அறிவித்தும் விருந்தாளி ஒருவரும் வரவில்லை.

மழை மட்டும் வந்தது.

றப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. பட்டை நனைந்திருந்தால் வெட்டக் கூடாது. வெட்டினால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து சிரட்டையில் மழைத் தண்ணீரோடு கலந்து வீணாகும். அதனால் மழை நாளில் பால் வெட்டு இல்லை. ஆட்கள் பெரட்டுக்களத்துக்கு வந்து, வானத்தைப் பார்த்து, கங்காணி முகத்தைப் பார்த்து, திரும்பிப் போவார்கள். விடாமல் மூன்று நாள் பெய்தது. பன்னிரண்டாம் காம்பிராவில் ஒன்பது பேர், சிமினி விளக்கைச் சுற்றி ஈசல் மாதிரி. சுமித்ரா வாளியின் மேல் உட்கார்ந்து படித்தாள். வாளியைத் திறந்தால் உட்கார இடமில்லை, உட்கார்ந்தால் திறக்க முடியாது.

மூன்றாம் நாள் காலை விஜயகலா, பெரட்டுக்களத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், நேரே ஒபிசுக்குப் போனாள். கூடவே மூக்கையா, மகள். மூக்கையாவின் தலையில் ஒரு பெட்டி. சுமித்ராவின் கையில் வாளி.

"என்ன கலா, எங்க பயணம்?"

"இன்னைக்கு வேலை இல்லைதானுங்களே ஐயா?"

"மழையில என்ன வேலை?"

"வேலைக்கு வர வேணாம்னு தோட்டம் சொல்லிருச்சு. அப்ப நாங்க லீவுல இருக்கோம்."

செல்லத்துரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குடும்பத்தோட வந்திருக்கோம்," என்றாள் அவள். "எங்களுக்குக் கடற்கரைக்குக் கிட்ட ஒரு விடுமுறை இல்லம் வேணுங்க."

பதினான்காம் விதியை எப்படிப் புரட்டினாலும் மறுக்க வழியில்லை. குடும்பம், சரி. விடுமுறை, சரி. இல்லம் காலியாக இருக்கிறது. முப்பத்தெட்டு வருசத்தில் தான் சொன்ன புத்தியை ஒருத்தி கேட்டு நடந்தது இதுதான் முதல் தடவை என்பதால் செல்லத்துரைக்குக் கொஞ்சம் கலக்கமாகக்கூட இருந்தது. பதிவேட்டைத் திறந்தார்.

"விருந்தினர் பெயர்?"

"விஜயகலா. உங்களுக்குத் தெரியாதா?"

"விதிப்படி கேட்கணும். நிரந்தர முகவரி?"

"ஏழாம் காம்பிரா, கீழ்ப்பிரிவு, தும்பல்கொட தோட்டம்."

"அடி, நீ போற எடமே அதுதானே!"

"நிரந்தர முகவரின்னு கேட்டீங்க. எனக்கு வேற எங்க இருக்கு?"

எழுதினார்.

அன்றைக்கு ஏழாம் காம்பிராவில் குடும்பம் தன் முதல் விடுமுறையைக் கழித்தது. பெரு மழை. கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். "விடுமுறைக்கு வந்தும் இதே இஸ்தோப்புதானா, புள்ள?" என்றான் மூக்கையா. அவள் மகளிடம் விருந்தினர் கருத்துப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். சுமித்ரா படித்த பிள்ளை. தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள், போனால் போகிறதென்று இங்கிலீசிலும் நாலு வரி:

"குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தோம். கூரை ஒழுகுகிறது. வானம் தெரிகிறது, அதோடு நிற்காமல் உள்ளேயும் வருகிறது. உடைமைகள் நனைந்தன. எங்கள் விடுமுறை பாழாயிற்று. மற்றவர்களுக்கும் சொல்லுவோம்."

இங்கேதான் அரசாங்கத்தின் உண்மையான பலம் தெரிந்தது. குடியிருப்பவரின் மனுவுக்குக் கால எல்லை கிடையாது. விருந்தாளியின் முறைப்பாட்டுக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம். அந்தக் கடைசி வரியை வாசித்த செயலணியில் இரண்டு கூட்டம் நடந்ததாகக் கேள்வி. மூன்றாம் நாள் லொறி வந்து நின்றது. கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத விசேட தகரம். எட்டு ஆட்கள். மதியத்துக்குள் இருநூற்றுச் சொச்சம் ஆணி அடித்தார்கள். மூக்கையா முற்றத்தில் நின்று ஒவ்வொன்றையும் எண்ணினான். ஓர் ஆணிக்குக்கூட எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. பதினொரு ஓட்டைப் பழைய தகரத்தை ராகினி மேடம் வாகனம் அனுப்பிப் பத்திரமாக எடுப்பித்தார். இப்போது அது கொழும்பில் ஒரு கோப்பிக் கடையின் சுவரில் இருக்கிறது. விளக்குப் போட்டிருக்கிறார்களாம்.

அடுத்த கிழமை விஜயகலாவுக்கு ஒரு கடிதம் வந்தது. "அன்புடையீர், தங்கள் விடுமுறையின்போது ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். மேற்படி கூரை திருத்தப்பட்டுள்ளது. மீண்டும் வருக." அவள் வாழ்க்கையில் ஒரு ஒபிஸ் வருந்தியது அதுவே முதல் முறை. ஆனால் அந்தக் கடிதத்துக்கு முகவரி எழுதிய யாரோ ஒரு எழுதுவினைஞர் விழித்துக்கொண்டார். விருந்தினரின் நிரந்தர முகவரியும் விடுமுறை இல்லமும் ஒன்றாக இருக்கிறதே!

நிஸார் விசாரணைக்கு வந்தார். பாவம், அவர் முகத்தில் பழைய ஜன்னல் பார்வை திரும்பியிருந்தது.

"அக்கா, ஒரே எடத்தில வீடும் விடுமுறை இல்லமும் ஈக்க ஏலாதாம். ஒன்றை வெட்டணும்."

"எதைங்க சேர் வெட்டுறது?"

"விடுமுறை இல்லத்துக்குக் கூர போட்டாச்சு, செலவு காட்டியாச்சு. அதை வெட்டினா கணக்காய்வுக்காரன் என்னை வெட்டுவான்." தொண்டையைச் செருமினார். "வீட்டைத்தான் வெட்டியிருக்கு. இனி உங்களுக்கு நிரந்தர முகவரி இல்ல."

விஜயகலா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வெளியே மழை. உள்ளே சுமித்ரா தரையில் சம்மணம் போட்டு, சுற்றிவரப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். வாளியில் அரிசி இருந்தது.

"அப்ப நாங்க யாருங்க சேர்?"

"உல்லாசப் பயணி."

"எவ்வளவு நாளைக்கு?"

நிஸார் கோவையைப் புரட்டினார். "அதுக்கு எல்லை ஒன்றும் போட இல்ல."

"அப்ப வெட்டுங்க," என்றாள்.

செய்தி லயத்துக்குத் தெரிய எவ்வளவு நேரம் வேண்டும்? பீலிக்கரைக்குப் போய் வருகிற நேரம். மறு கிழமை பதினைந்து காம்பிராவும் விண்ணப்பித்தன. செயலணி ஆனந்தப்பட்டது, ஒரு பிரிவில் ஒன்று கேட்டால் பதினாறு கிடைக்கிறது. ஒரு நல்ல நாள் பார்த்து எல்லாக் குடும்பமும் காலையில் பெட்டியோடு லயத்தைக் காலிசெய்து, ஒபிசைச் சுற்றி வந்து, மத்தியானம் விருந்தாளியாக இறங்கின. மூன்றாம் நாள் முறைப்பாடு. ஆறாம் நாள் லொறி.

மழை விட்டு வெயில் அடித்தால் பால் வெட்டப் போக வேண்டுமே, அப்போது விடுமுறை என்னாகும் என்ற சிக்கல் வந்தது. அதை ராகினி மேடமே தீர்த்தார். உலகத்தில் இப்போது அனுபவச் சுற்றுலாதான் மோஸ்தராம். பயணிகள் உள்ளூர்த் தொழிலைச் செய்து பார்ப்பார்கள். ஆகவே தும்பல்கொடவின் பயணிகள் அதிகாலை ஆறு மணிக்கு எழுந்து, கத்தியும் வாளியுமாக மலையேறி, ஆளுக்கு முந்நூறு மரத்தில் பால் வெட்டி அனுபவம் பெற்றார்கள். அனுபவம் பெறுகிறவர்களுக்கு நாட்சம்பளத்துக்குப் பேர் போட வேண்டுமா என்று தொரை ஒருநாள் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு ஒருத்தரும் அனுபவம் பெற வரவில்லை. மறுநாளிலிருந்து பேர் போடப்பட்டது.

ஆண்டறிக்கை வந்தபோது, நாட்டிலேயே அதிக நாட்கள் தங்கும் உல்லாசப் பயணிகள் சப்ரகமுவ மாகாணத்தில், கடற்கரையே இல்லாத ஒரு மாவட்டத்தில் இருந்தார்கள். கீழ்ப்பிரிவின் சனத்தொகை பூச்சியம். வீடற்றோர் பூச்சியம். ஒழுகும் கூரை பூச்சியம். இவ்வளவு பூச்சியத்தை ஒரே பக்கத்தில் சாதித்ததற்காக நிஸாருக்கு உயர்வு கிடைத்தது. பதினாறு இல்லத்துக்கும் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கும்படியும் கடிதம் வந்தது. விருந்தாளியாக இருந்த அனுபவம் அதிகம் உள்ளவர் விஜயகலா. சாவிக்கொத்தும் பதிவேடும் ஒபிசிலிருந்து ஏழாம் காம்பிராவுக்கு வந்தன. இஸ்தோப்பில் ஒரு மேசை போட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு கதிரை. மேசைக்கு முன்னால் கதிரை போட இடமிருக்கவில்லை.

சுமித்ரா பரீட்சை எழுதி முடித்த மறுநாள் மாலை, தூறலில் குடையில்லாமல் ஒருவர் படியேறி வந்தார். கிட்ட வந்த பிறகுதான் பெரிய கிளாக்கர் என்று தெரிந்தது. ஒபிசுக்கு வெளியே அவரைப் பார்த்துப் பழக்கமில்லை.

"கலா, நல்லா இருக்கியா?"

"இருக்கோங்கய்யா. என்ன விசயம்?"

"இந்த மாசத்தோட நான் ரிட்டையர். முப்பத்தெட்டு வருசம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "குவாட்டர்ஸ் கம்பெனிக்குச் சொந்தம், உனக்குத் தெரியும்தானே. முப்பதாம் தேதி சாவி குடுக்கணும். எனக்குன்னு வெளியில ஒரு கொட்டில் இல்ல. கடைசி காம்பிராக்காரங்க கொழும்போட போயிட்டாங்களாம், காலியா இருக்குன்னாங்க. நானும் என் பொம்பளையும்தான்."

விஜயகலா பதிவேட்டைத் திறந்தாள். பக்கத்தைப் புரட்டினாள். அவசரமில்லாமல் புரட்டினாள்.

"விடுமுறையில இருக்கிறவங்கதான் தங்கலாம்ங்கய்யா."

"நான் இனி முழுக்க விடுமுறைதானே!"

"அப்படியில்லைங்க. வேலை இருந்தாத்தான் விடுமுறை. நீங்க எங்க வேலை செய்யிறீங்க, எத்தனை நாள் லீவுன்னு கடிதம் ஒண்ணு வேணும்."

"ரிட்டையர் ஆன ஆளுக்கு யாரு கலா லீவுக் கடிதம் குடுப்பான்?"

"அது எனக்குத் தெரியாதுங்களே. படிவத்துல கேட்டிருக்கு."

"இந்த இல்லத்துக்கு உன்னைக் கைகாட்டி விட்டதே நான்தானே..."

"தெரியுங்கய்யா. அதுக்குத்தான் பொறுமையா பதில் சொல்றேன். மூணு பிரதியில எழுதிக் குடுங்க. புதன்கிழமை வாங்க, மத்த நாள்ல பார்க்கிறதில்ல."

செல்லத்துரை கொண்டுவந்த தாளை நீட்டினார். அவள் அதை வாங்கி, வாசிக்காமலே, பக்கத்தில் இருந்த அடுக்கின் மேல் வைத்தாள். தூறல் வலுத்தது. புதுத் தகரத்தில் மழை விழும் சத்தம் நன்றாக இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் கூரை அவ்வளவு தூரம் நீளவில்லை.

உள்ளேயிருந்து மூக்கையா குரல் கொடுத்தான். "யாரு புள்ள வெளியில? பேச்சுச் சத்தம் கேக்குது?"

"யாருமில்லைங்க," என்றாள் விஜயகலா, பதிவேட்டை மூடிக்கொண்டே. "பொதுமக்கள்."